சிறப்பு நேர்வாகக் கருதி: ஆய்வு நிதியும் விதித் தளர்வும்

(திருச்சிராப்பள்ளி தென்னூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இப்படிப்பட்ட மேடைகளில் இலக்கியம் பேசுவார்கள், அறிவியல் பேசுவார்கள். நான் பணிக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஆய்வுக்கென்று வந்த பணம் எப்படி வந்தது, எந்தத் தலைப்பில் செலவானது, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதையெல்லாம் கோப்புகளின் வழியாகவே அறிந்தவன். எனவே எனக்குத் தெரிந்த ஒன்றையே பேசுகிறேன். ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கேட்கும்போதும், நிதி வந்த பிறகும், விதியில் உள்ள வரம்பைத் தாண்டி ஒன்று வேண்டும் என்று கேட்பது பற்றிய பேச்சு இது. அப்படிக் கேட்பது ஆய்வாளரின் கடமை, அதைக் கேட்டுப் பதில் சொல்வது நிறுவனத்தின் கடமை என்பது என் உறுதியான கருத்து. நம் கல்லூரிகளில் இந்த இரண்டு கடமைகளுமே கூச்சத்துக்கும் பயத்துக்கும் அடியில் கிடக்கின்றன.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2023 ஜூன் கடைசியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆய்வு உதவித்தொகையை உயர்த்தி ஆணை வெளியிட்டது. இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆனது. முதுநிலை ஆய்வாளருக்கான எஸ்.ஆர்.எஃப். 35,000 ரூபாயிலிருந்து 42,000 ஆனது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதலே உயர்வு செல்லும் என்றும் ஆணை சொன்னது. நாடு முழுவதும் ஆய்வு மாணவர்கள் கேட்டுக் கேட்டுப் பெற்ற நியாயமான உயர்வு அது. இப்போது 2022இல் ஒப்பளிப்பு பெற்ற ஒரு மூன்றாண்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதவளத் தலைப்பில் ஓர் ஆய்வு மாணவிக்கு மாதம் 31,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வீட்டு வாடகைப்படி என்று போட்டிருப்பார்கள். வாடகைப்படிக்குத் திருச்சி ‘ஒய்’ வகை நகரம். ஆக மாதம் 36,580 ரூபாய். உதவித்தொகை 37,000 ஆகி, 2024 ஜனவரியில் வாடகைப்படியும் 20 சதவீதமானபோது அதே மாணவிக்குச் சேர வேண்டிய தொகை 44,400 ரூபாய். மாதத்துக்கு 7,820 ரூபாய் துண்டு விழுகிறது. ஆண்டுக்கு 93,840 ரூபாய்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஒப்பளிப்பு ஆணையில் இல்லை. கல்லூரிக்குக் கையில் கிடையாது. முதன்மை ஆய்வாளர் நிதி தந்த நிறுவனத்துக்கு எழுதிக் கூடுதல் தொகை கேட்க வேண்டும். அல்லது வேறொரு தலைப்பில் மிச்சம் இருந்தால் அதை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்க வேண்டும். கேட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல், ‘பணம் வரட்டும், பார்க்கலாம்’ என்று மாணவியைப் பழைய தொகையிலேயே கையெழுத்துப் போடச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று சொல்வது என் நோக்கம் அல்ல. அரசு உயர்த்தித் தந்த ஊதியம், யாரும் ஒரு கடிதம் எழுதாத காரணத்தால் ஒரு பெண்ணின் கைக்குப் போகவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அந்தத் திட்டம் ஒப்பளிப்பு பெற்ற அதே 2022ஆம் ஆண்டில் இன்னும் இரண்டு அடிகள் விழுந்தன. பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 2017 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது. சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் பரிந்துரைப்படி 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகை போயிற்று. பெரும்பாலான கருவிகளுக்கு வரி 18 சதவீதமானது. வரிக்கு முன் 20 லட்சம் ரூபாய் விலையுள்ள கருவிக்கு ஒரு லட்சம் வரி கட்டும் இடத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம் கட்ட வேண்டும். போதாததற்கு டாலர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் டாலர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. அக்டோபரில் 82ஐத் தாண்டியது. 40,000 டாலர் கருவி ஒன்றுக்கு இதனால் மட்டும் ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கூடுதல். முந்தைய ஆண்டு விலைப்பட்டியல் வாங்கி, நேர்மையாக மதிப்பீடு போட்டு, நிபுணர் குழு முன் விளக்கி, ஒப்பளிப்பும் வாங்கிவிட்ட ஓர் ஆசிரியர் இதில் எதை முன்கூட்டி அறிந்திருக்க முடியும்?

ஆய்வுத் திட்டத்தின் வரவு செலவு மதிப்பீடு என்பது தெரியாத ஒன்றைத் தேடிப் போகிறவர், போகும் வழியில் என்ன செலவாகும் என்று முன்னதாகவே எழுதிக் கொடுப்பது. அவர் தேடும் பொருளே தெரியாதபோது செலவு மட்டும் பைசா சுத்தமாகத் தெரிந்துவிடாது. நம் ஊரிலேயே பார்க்கலாம். 2018 ஆகஸ்டில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் கரைபுரண்டது. திருச்சியையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. சில நாட்களில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கம் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்த நேரத்தில் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடையே நீர் மாதிரி எடுக்கும் திட்டம் ஒன்று ஒரு கல்லூரியில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்கும் இடங்கள் மாறும். படகு வேண்டும். திட்டத்தில் இல்லாத மாதங்களில் போக வேண்டும். போகாமல் விட்டால், நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மாற்றத்தைப் பதிவு செய்யும் வாய்ப்பு போய்விடும். பயணத் தலைப்பில் அதற்குப் பணம் இருக்காது. வேதிப்பொருள் தலைப்பில் இருக்கலாம். இடையில் நிற்பது ஒரு கடிதமும் ஓர் ஒப்புதலும். அணைக்கு அரசு தாமதிக்கவில்லை. தற்காலிகத் தடுப்பு உடனே தொடங்கியது, பிறகு 387 கோடியே 60 லட்சம் ரூபாயில் புதிய கதவணைக்கு ஒப்புதல் வந்தது. ஆற்றைக் காப்பதற்கு உள்ள அவசரம் ஆற்றை அறிவதற்கும் உண்டு.

கேட்க ஏன் தயங்குகிறார்கள்? நான் பார்த்தவரை முதல் காரணம் அவமானம். ‘மதிப்பீடு ஒழுங்காகப் போடத் தெரியாதவர்’ என்று பெயர் வந்துவிடும் என்ற எண்ணம். இரண்டாவது பயம். கேட்டால் பழைய கணக்கையெல்லாம் கிளறுவார்கள், இருப்பதும் போய்விடும். மூன்றாவது அனுபவம். ஒருமுறை எழுதிப் பதிலே வராமல் போனவர் இரண்டாம் முறை எழுதுவதில்லை.

கேட்காதவர் என்ன செய்கிறார்? விண்ணப்பிக்கும்போதே ஆய்வைச் சுருக்குகிறார். 200 பேரிடம் எடுக்க வேண்டிய ரத்த மாதிரியை 80 பேரிடம் எடுப்பதாக எழுதுகிறார், வரம்புக்குள் வர வேண்டுமே என்று. அந்த 80ஐ வைத்து எந்த முடிவையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவருக்கே தெரியும். பணமும் செலவாகிறது, மூன்று ஆண்டும் போகிறது, கடைசியில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று அறிக்கை முடிகிறது. நிதி வந்த பிறகு கேட்காதவரின் நிலை இன்னொரு மாதிரி. அது மார்ச் மாதத்தில் தெரியும். மார்ச் 31க்குள் செலவாகாத தொகை திரும்பிப் போய்விடும் என்ற நெருக்கடியில், தேவைப்படும் தலைப்பில் பணம் இல்லாமல், பணம் உள்ள தலைப்பில் தேவை இல்லாமல், கண்ணாடிச் சாமான்களும் வடிதாளும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஏப்ரலில் சரக்கறையைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். விதிப்படி நடந்த வீண்செலவு அது. தணிக்கையில் ஒரு ஆட்சேபணையும் வராது. எழுதிக் கேட்டுத் தலைப்பு மாற்றிச் செய்த நல்ல செலவுக்குத்தான் விளக்கம் கேட்பார்கள். இந்தத் தலைகீழ் நிலை மாற வேண்டும் என்பதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். இளம் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். எங்கள் மேசைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இப்படி இருக்கும்: ‘எதிர்பாராத காரணங்களால் கூடுதல் நிதி தேவைப்படுவதால் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பணிவு நிறைய இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பிரிவு எழுத்தர் என்ன குறிப்பு எழுத முடியும்? எந்தக் காரணம், எவ்வளவு, எந்தத் தலைப்பிலிருந்து எந்தத் தலைப்புக்கு, எந்த விதியின் கீழ் என்று அவர் திருப்பிக் கேட்பார். கோப்பு கீழே இறங்கும். மறுபடி ஏற ஒரு மாதம் ஆகும். அதற்குள் வேதிப்பொருளின் காலாவதித் தேதி வந்துவிடும்.

அந்தக் கடிதம் யார் யார் கையில் போகிறது என்று பாருங்கள். துறைத்தலைவர், ஆய்வுப் புலத்தலைவர், கணக்குப் பிரிவு, நிதி அலுவலர், பதிவாளர், பிறகு நிதி தந்த நிறுவனத்தின் திட்ட அலுவலர், அங்கே உள்ள நிதிப் பிரிவு. இவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவர் மனத்திலும் ஒரே கேள்விதான் ஓடும்: நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் இதற்கு யார் பதில் சொல்வது? அந்தத் தணிக்கை மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து வரும். அப்போது முதன்மை ஆய்வாளர் வேறு ஊரில் இருப்பார், நிதி அலுவலர் ஓய்வு பெற்றிருப்பார். கோப்பு மட்டும் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பிரித்து ஒரு தாளைப் படிப்பார். அந்த ஆளுக்காக உங்கள் கடிதத்தை எழுதுங்கள். உங்கள் நிதி அலுவலர் தைரியமாகக் கையெழுத்துப் போட அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

எப்படி எழுதுவது? நான் மனத்தில் வைத்திருக்கும் மாதிரி இது. நான்காம் பத்தி வரை போகக் கூடாது. முதல் வரியிலேயே ஒப்பளிப்பு ஆணையின் எண்ணும் நாளும். அடுத்து, என்ன மாறியது, எந்தத் தேதியில் மாறியது. அதற்கு ஆதாரமாக அரசாணையோ விலைப்பட்டியலோ இணைப்பு. பிறகு தொகை: பயணத் தலைப்பில் ஒப்பளித்தது 1,20,000, இதுவரை செலவு 38,000, இனித் தேவை 42,000, மிச்சப்படும் 40,000 ரூபாயை நுகர்பொருள் தலைப்புக்கு மாற்றக் கோருகிறேன் என்று. மொத்த ஒப்பளிப்பில் மாற்றம் இல்லை என்றால் அதைத் தனி வரியாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விடும். கடைசியாக, அனுமதி கிடைக்காவிட்டால் ஆய்வில் எந்தப் பகுதி நின்றுபோகும் என்பதை அறிவியல் மொழியில் இரண்டு வரி. புலம்பல் வேண்டாம். ‘இரண்டாம் நோக்கத்துக்கு உரிய பருவகால ஒப்பீடு நடைபெறாது’ என்பது போதும். முடிந்தால் ஒப்புதல் வரைவையும் நீங்களே தட்டச்சு செய்து இணைத்துக் கொடுங்கள். இதைச் சிறுமை என்று நினைக்கும் பேராசிரியர்கள் உண்டு. வேலை நடக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இதில் சிறுமை ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், செலவு செய்வதற்கு முன் கேட்பது. செய்துவிட்டுப் பின்னேற்பு கேட்கும் கோப்பு எந்த அலுவலகத்திலும் சுமைதான். முன்னனுமதிக்கும் பின்னேற்புக்கும் இடையில் சில வாரங்களே இருக்கலாம். தணிக்கைக் கண்ணில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதேபோல் மூலதனத் தலைப்பிலிருந்து பொதுத் தலைப்புக்கோ, அங்கிருந்து இங்கேயோ சொந்த முடிவில் ஒரு ரூபாயும் மாற்றாதீர்கள். நுகர்பொருளும் பயணமும் ஒரே குடும்பம். கருவி வேறு குடும்பம். பயன்பாட்டுச் சான்றிதழில் இரண்டும் தனித்தனியாகப் போகின்றன. ஒன்றில் தவறு வந்தால் அடுத்த தவணையே நின்றுவிடும்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. மனிதவளத் தலைப்பில் உள்ள பணத்தைக் கருவிக்கு மாற்றும் கோரிக்கையை எந்த நிறுவனமும் எளிதில் ஏற்கக் கூடாது என்று கருதுகிறேன். கருவி ஒன்று கூடும், ஒரு மாணவரின் இடம் போகும். திட்டத்தின் கடைசி ஆண்டில் வரும் மடிக்கணினிக் கோரிக்கைகளும் எனக்கு உடன்பாடில்லை. கூடுதல் காலம் கேட்பது சரி. கூடுதல் காலம் கேட்டுவிட்டு அந்தக் காலத்துக்கு ஆய்வாளர் ஊதியத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விடுவது சரியல்ல. செலவில்லாக் கால நீட்டிப்பு என்று தாளில் எழுதிவிடுகிறோம். அந்த ஆறு மாதமும் சம்பளமில்லாமல் ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைக்கு அது செலவில்லாத காலம் அல்ல.

சமூக அறிவியல் துறையினர் இங்கே இருக்கிறீர்கள். இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். நெறிமுறைகளில் ஆய்வுப் பணியாளருக்கு 45 சதவீதம், களப்பணிக்கு 35 சதவீதம் என்ற அளவில் பங்கு பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆய்வுகளுக்கு அது பொருந்தும். கோயில் கல்வெட்டுப் படியெடுப்புக்கோ பழைய ஆவணங்களை ஒளிப்பதிவு செய்வதற்கோ அந்த விகிதம் பொருந்தாது. திருவரங்கத்துத் தெருக்களில் வீடு வீடாகப் போய் வாய்மொழி வரலாறு சேகரிக்கிறவருக்குக் களப்பணிச் செலவு குறைவு, எழுத்தாக்கச் செலவு அதிகம். விகிதம் பொருந்தவில்லை என்றால் விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதுங்கள். விகிதத்துக்கு ஏற்ப ஆய்வை வளைக்காதீர்கள்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம், அதாவது என்.ஐ.எச்.சிடம், ஓர் ஆண்டில் நேரடிச் செலவு 5 லட்சம் டாலர் அல்லது அதற்குமேல் கேட்கப் போகிறவர், விண்ணப்பம் கொடுப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே உரிய பிரிவு அலுவலரிடம் பேசி ஒப்புதல் பெற வேண்டும். இது நல்ல ஏற்பாடு. விதிவிலக்கு கேட்க ஒரு வாசல் இருக்கிறது, எப்போது தட்ட வேண்டும் என்று நாள் இருக்கிறது, யார் திறப்பார் என்றும் தெரிகிறது. நம்மிடம் வரம்பு அச்சாகிறது. பிரதமர் பெயரிலான இளம் ஆய்வாளர் நல்கையில் மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை என்று தெளிவாக இருக்கிறது. நல்ல தொகை. நியாயமான காரணத்தால் அதைத் தாண்ட வேண்டியவர் யாரிடம், எப்போது பேசுவது என்பதும் அதே தெளிவோடு அச்சாக வேண்டும்.

திருச்சியில் பேசிக்கொண்டு சர் சி.வி. ராமனைச் சொல்லாமல் போக முடியாது. அவர் 1888 நவம்பர் 7 அன்று நம் திருவானைக்காவில் பிறந்தவர். அவர் கணக்கு அலுவலராக இருந்தவர் என்பதை எங்கள் துறைக்காரர்கள் பெருமையோடு நினைப்பதுண்டு. 1907இல் நிதித் துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் ஜெனரலாகச் சேர்ந்தார். பத்து ஆண்டு காலம் பகலில் அரசுக் கணக்கு. கல்கத்தாவில் இருந்தபோதெல்லாம் காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு. அந்தக் கழகமே 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் நன்கொடை திரட்டி அமைத்தது.

பிறகு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி வந்தது. அது தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞர் கொடுத்த அறக்கட்டளையில் அமைந்த இருக்கை. அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. ராமன் அப்படிப் பயிற்சி பெற்றவர் அல்லர். பயிற்சிக்கென்று போக முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்த வழி செய்தார். 1917இல் ராமன் அரசு வேலையை விட்டு, ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு அந்த இருக்கையில் அமர்ந்தார். 1928 பிப்ரவரி 28இன் ராமன் விளைவு, 1930 நோபல் பரிசு எல்லாம் அதற்குப் பின் வந்தவை.

இதில் நான் பார்ப்பது ஆசுதோஷ் முகர்ஜியின் பங்கை. பாலித் அவர்கள் அந்த நிபந்தனையை எதற்காக எழுதியிருப்பார்? நல்ல பயிற்சி உள்ளவர் வர வேண்டும் என்பதற்காக. ராமன் அதற்குள் வெளிநாட்டு இதழ்களில் கட்டுரைகள் வெளியிட்டு அந்தத் தகுதியை நிரூபித்திருந்தார். நிபந்தனையின் எழுத்தைப் பிடித்திருந்தால் நிபந்தனையின் நோக்கம் தோற்றிருக்கும். விதித் தளர்வு கேட்டு வரும் ஒவ்வொரு கோப்பிலும் அலுவலர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இந்த விதி எதற்காக வந்தது, அந்த நோக்கம் இங்கே நிறைவேறுகிறதா?

கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அண்மை ஆண்டுகளைக் காட்டுகிறேன். 2024 ஜூலை மாத மத்திய பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களுக்கான இறக்குமதித் தீர்வை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமானது. ஆய்வாளர்கள் நாடு முழுவதிலுமிருந்து குரல் எழுப்பினார்கள். ஏறக்குறைய பத்து நாளில், ஆய்வுக்காக இறக்குமதி செய்பவர்களுக்குப் பழைய 10 சதவீதமே திரும்ப வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆய்வு நல்கைகளுக்கு ஜி.எஸ்.டி. கட்டச் சொல்லி ஐ.ஐ.டி. டெல்லிக்கு 120 கோடி ரூபாய் அளவில் நோட்டீஸ் போனது. செப்டம்பர் 9 அன்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் அரசும் தனியாரும் தரும் ஆய்வு நல்கைகளுக்கு விலக்குத் தரப் பரிந்துரைத்தது.

கொள்முதல் விதி இன்னும் பெரிய கதை. 2020 மே மாதத்தில் 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு குளோபல் டெண்டர் கூடாது என்று விதி வந்தது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க வந்த விதி. அதன் நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் உலகில் இரண்டு மூன்று நிறுவனங்களே செய்யும் நிறமாலைமானிக்கும் அது பொருந்தியது. விலக்கு வேண்டுமென்றால் கோப்பு டெல்லியில் செயலர் மட்டம் வரை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் விலக்குக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தது. 2025 ஜூனில் நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை விதியையே தளர்த்தியது. ஆய்வு நிறுவனங்கள் அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்முக்கு வெளியேயும் வாங்கலாம். கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 2 லட்சமானது. கொள்முதல் குழு வழியாக வாங்குவதற்கான வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. 200 கோடி வரை குளோபல் டெண்டருக்கு இயக்குநரும் துணைவேந்தருமே அனுமதி தரலாம். நூற்றுக்கணக்கான தனித்தனி விதிவிலக்குக் கடிதங்கள் சேர்ந்து இந்த விதிமாற்றத்துக்கு வழி செய்தன என்பது என் கணிப்பு. ஒரே விதிக்கு ஓயாமல் விலக்குக் கேட்டு வந்தால், திருத்த வேண்டியது அந்த விதியைத்தான்.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களும் உதவிபெறும் கல்லூரிகளும் இந்தத் தளர்வுகளின் பயனை முழுமையாகப் பெற வேண்டும். மத்திய நிதி வாங்கும் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, நிதி தந்தவரின் விதி ஒரு பக்கம், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இன்னொரு பக்கம். வெளிப்படைத்தன்மையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஒரு துணைப் பேராசிரியர் தனியாக நிற்கும் நிலைதான் கூடாது. எந்த நேர்வுக்கு எந்த விதி என்று உயர்கல்வித் துறை ஒரே சுற்றறிக்கையில் தெளிவாக்கினால் பாதிக் கோப்புகள் எழவே எழா.

திருச்சியின் கல்லூரிகளிடமும் பல்கலைக்கழகத்திடமும் சில வேண்டுகோள்கள். ஆய்வுத் திட்டம் தொடர்பான தளர்வுக் கோரிக்கைக்குப் பதினைந்து வேலை நாளில் ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் பதில் தாருங்கள். இல்லை என்றால் காரணம் தாருங்கள். வழங்கிய தளர்வுகளைப் பெயர் நீக்கி, காரணத்தோடு ஒரு பதிவேட்டில் வைத்து எல்லா ஆசிரியரும் பார்க்கும்படி செய்யுங்கள். முன்பு எந்த நேர்வில் என்ன முடிவு எடுத்தார்கள் என்று தெரிந்தால் புதியவர் தைரியமாகக் கேட்பார், அலுவலரும் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார், வேண்டியவருக்கு ஒரு நீதி என்ற பேச்சுக்கும் இடம் இருக்காது. ஆய்வு மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஒப்பளிப்பு ஆணையைப் படிக்கச் சொல்லித் தாருங்கள். தங்கள் ஊதியம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று தெரியாமலே முனைவர் பட்டம் முடிக்கிறார்கள்.

நிறைவாக, இங்கே வந்திருக்கும் நன்கொடையாளர்களுக்கு. இந்த ஊரில் கல்லூரிக்கு நூறு அறக்கட்டளை இருக்கும். ஐம்பது ஆண்டுக்கு முன் தங்கப்பதக்கத்துக்கென்று வைத்த முதலின் வட்டியில் இன்று தங்க முலாம் பூசவும் முடியாது. பத்திரத்தில் ‘தங்கப்பதக்கம்’ என்று இருப்பதால் வேறொன்றும் தர முடியாமல் வட்டி வங்கியிலேயே கிடக்கிறது. ஓர் ஆய்வு மாணவிக்கு ஒரு மாத நுகர்பொருள் வாங்க அது உதவும். புதிதாகப் பத்திரம் எழுதுகிறவர்கள், நோக்கத்தைத் தெளிவாக எழுதிவிட்டு, கீழே ஒரு பிரிவு சேர்க்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்: காலம் மாறி, குறித்த முறையில் இந்த நோக்கம் நிறைவேறாதபோது, கல்லூரியின் ஆட்சிக்குழு காரணத்தைப் பதிவு செய்து, நிறுவியவர் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவித்து, முறையை மாற்றிக்கொள்ளலாம். பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் கல்லூரிக்கு ஒரு சம்மதக் கடிதம் கொடுங்கள். அதன் வரைவை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இங்கேயே என்னைப் பார்க்கலாம்.